குளிரவில்லை, ஒழுகுகிறது, டிக் டிக் என்கிறது: ஃபிரிட்ஜை வீட்டிலேயே சரிபார்க்கும் வழி

ஃபிரிட்ஜ் குளிரவில்லை என்றதும் நம் ஊரில் முதலில் காதில் விழுவது "காஸ் தீர்ந்திருக்கும்" என்பதுதான். காஸ், சிலிண்டரில் எரிந்து தீர்வது போலத் தீராது. அடைத்த குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருகிற பொருள் அது. குழாயில் ஓட்டை விழாதவரை பதினைந்து வருஷம் ஆனாலும் அதே அளவுதான் இருக்கும். என் அக்கா வீட்டில் ஒரே கோடையில் இரண்டு முறை காஸ் நிரப்பியதாகச் சொல்லிப் பணம் வாங்கிப் போனார்கள். இரண்டு முறையும் இரண்டு வாரம் நன்றாகக் குளிர்ந்து மறுபடி நின்றது. உண்மையான கோளாறு விரல்நுனி அளவு ஒரு ஃபியூஸ். அதை எப்படிக் கண்டுபிடித்தோம் என்று கீழே சொல்கிறேன். ஆளைக் கூப்பிடும் முன், வெளியிலிருந்து உள்ளே ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தால் பெரும்பாலான கோளாறு பிடிபட்டுவிடும்.

முதலில் உங்களுடையது எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள். ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜ் பெரும்பாலும் டைரக்ட் கூல். ஃப்ரீசரில் ஐஸ் படியும், நாம்தான் பட்டனை அழுத்திக் கரைக்க வேண்டும். இரட்டைக் கதவு பெரும்பாலும் ஃப்ராஸ்ட் ஃப்ரீ. அதில் குளிரைப் பரப்ப ஒரு விசிறியும், ஐஸைத் தானாகக் கரைக்க ஒரு ஹீட்டரும் இருக்கும். ஒரே அறிகுறிக்கு இந்த இரண்டிலும் காரணம் வேறு.

சாமான் அதிகம் வேண்டாம். ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர், சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர், டார்ச், பழைய பல் தேய்க்கும் பிரஷ், கையுறை போதும். எதைத் தொடும் முன்னும் பிளக்கைச் சாக்கெட்டிலிருந்து உருவி விடுங்கள். சுவிட்சை அணைப்பது போதாது, பழைய வீடுகளில் சுவிட்ச் நியூட்ரலில் போட்டிருப்பதை நானே பார்த்திருக்கிறேன். கழற்றும் ஒவ்வொரு ஒயரையும் முன்கூட்டியே ஃபோனில் படம் எடுத்து வையுங்கள்.

தொட்டால் சுர்ரென்று இழுக்கிறது

இதை முதலில் வைப்பதற்குக் காரணம், மற்ற எதுவும் இதற்குப் பிறகுதான். கைப்பிடியைத் தொட்டாலோ வெறுங்காலில் நின்று பக்கவாட்டைத் தொட்டாலோ ஷாக் அடித்தால் உடனே பிளக்கை உருவுங்கள். மின்கசிவும் எர்த் கோளாறும் சேர்ந்துதான் இப்படி ஆகும். எர்த் நன்றாக இருந்தால் கசிகிற மின்சாரம் அதன் வழியாகப் போயிருக்கும், உங்கள் கைக்கு வந்திருக்காது. ஃபிரிட்ஜின் மூன்று பின் பிளக்கை இரண்டு பின் சாக்கெட்டில் செருகியிருந்தால் அதை இன்றைக்கே மாற்றுங்கள்.

கசிவுக்கு வழக்கமான காரணம் பின்பக்கம் எலி கடித்த ஒயர், கம்ப்ரஸர் பெட்டிக்குள் செத்துக் கிடக்கும் பல்லி, அல்லது கம்ப்ரஸருக்குள் இருக்கும் கம்பிச்சுருள். எலி கடித்த ஒயரை டேப் சுற்றி ஓட்டாமல் முழுதாக மாற்றுங்கள். எர்த்தைச் சரிபார்க்க எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள், அது நாம் ஊகிக்கிற வேலை இல்லை.

சத்தமும் இல்லை, விளக்கும் இல்லை

அதே சாக்கெட்டில் மிக்ஸியையோ மேஜை விசிறியையோ போட்டுப் பாருங்கள். அது ஓடினால் ஃபிரிட்ஜின் பிளக்கைப் பாருங்கள். பின் கறுத்திருந்தாலோ பிளாஸ்டிக் உருகியிருந்தாலோ சாக்கெட் லூசாக இருந்து சூடேறியிருக்கிறது. பிளக், சாக்கெட் இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டும், ஒன்றை மட்டும் மாற்றினால் மறுபடி கருகும். ஸ்டெபிலைசர் இருந்தால் ஒரு நிமிஷம் அதை விலக்கி நேரடியாகச் செருகிப் பாருங்கள். செத்தது ஸ்டெபிலைசராக இருப்பது நிறையவே நடக்கும்.

விளக்கு எரிகிறது, ஆனால் கம்ப்ரஸர் ஓடவில்லை

சும்மா ஓடாமல் இருக்கிறதா, அல்லது "ம்ம்ம்" என்று சில விநாடி முனகி, "டிக்" என்று விட்டு, சில நிமிஷம் கழித்து மறுபடி முனகுகிறதா? பக்கத்தில் உட்கார்ந்து பத்து நிமிஷம் கேளுங்கள். இந்த ஒரு வித்தியாசம் பாதி வேலையை முடித்துவிடும்.

எந்த முனகலும் இல்லையென்றால் முதலில் ஒற்றைக் கதவில் டிஃப்ராஸ்ட் பட்டன் அழுந்தியபடி சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் தெர்மோஸ்டாட், அதாவது குளிரை அளந்து கம்ப்ரஸரைப் போட்டு நிறுத்தும் பாகம். பிளக்கை உருவிவிட்டு, விளக்கு இருக்கும் பெட்டியின் திருகைக் கழற்றினால் குமிழின் பின்னால் தெரியும். மெயினிலிருந்து வரும் ஒயரையும் கம்ப்ரஸருக்குப் போகும் ஒயரையும் கழற்றிவிட்டு, அந்த இரண்டு கால்களில் மல்டிமீட்டரைத் தொடர்பு பார்க்கும் நிலையில் வையுங்கள். ஃபிரிட்ஜ் அறைச் சூட்டில் இருக்கும்போது குமிழை முழுதாகத் திருப்பினால் தொடர்பு காட்ட வேண்டும், குமிழ் பூஜ்யத்தில் இருந்தால் காட்டக் கூடாது. முழுதாகத் திருப்பியும் காட்டவில்லையென்றால் தெர்மோஸ்டாட் போய்விட்டது.

புதியது வாங்கும்போது பழையதைக் கையில் கொண்டுபோங்கள். கால்களின் எண்ணிக்கை, அதிலிருந்து நீளும் மெல்லிய குழாயின் நீளம் இரண்டும் பொருந்த வேண்டும். அந்தக் குழாய்க்குள் தனியாகக் கொஞ்சம் வாயு இருக்கிறது, ஃபிரிட்ஜின் காஸுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அதை மடிக்காமல் பழையது ஃப்ரீசரைத் தொட்ட அதே இடத்தில், அதே நீளத்துக்குத் தொடும்படி பொருத்துங்கள். இந்த இடம் தவறினால் புது தெர்மோஸ்டாட்டும் தப்பாகத்தான் அளக்கும்.

முனகி டிக் அடித்தால் கதை வேறு. கம்ப்ரஸர் கிளம்பப் பார்க்கிறது, முடியவில்லை, ஓவர்லோடு என்ற பாதுகாப்பு சுவிட்ச் மின்சாரத்தை வெட்டிவிடுகிறது. முதல் சந்தேகம் வோல்டேஜ். 230 இருக்க வேண்டிய இடத்தில் கோடைக்கால சாயங்காலம் 180க்குக் கீழே இறங்கினால் கம்ப்ரஸர் திணறும். முனகும் நேரத்தில் பக்கத்து சாக்கெட்டில் அளந்து பாருங்கள். இரண்டாவது, கரண்ட் போய் உடனே வந்திருந்தால் உள்ளே அழுத்தம் சமமாக ஐந்து நிமிஷமாவது பிடிக்கும். அதற்குள் கிளம்பச் சொன்னால் முனகத்தான் செய்யும். காத்திருந்து பாருங்கள்.

இரண்டும் இல்லையென்றால் ரிலே, அதாவது கம்ப்ரஸரைக் கிளப்பிவிடும் பாகம். ஃபிரிட்ஜின் பின்னால் கீழே, கம்ப்ரஸரின் பக்கவாட்டில் கம்பி கிளிப் போட்ட சின்ன பிளாஸ்டிக் மூடி இருக்கும். அதற்குள் கம்ப்ரஸரின் மூன்று பின்களில் செருகியிருப்பவைதான் பிடிசி ரிலேயும் ஓவர்லோடும். நேராக இழுத்தால் வந்துவிடும், ஆட்டி ஆட்டி இழுத்தால் பின் உடையும். ரிலேயைக் காதருகே வைத்துக் குலுக்குங்கள். கலகலவென்றால் உள்ளே உள்ள வில்லை உடைந்துவிட்டது. கருகல் வாசனை வந்தாலும் அதேதான். நல்ல பிடிசி, ஆறிய நிலையில் சில பத்து ஓம் காட்டும். ஓவர்லோடு கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டும். இரண்டும் சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும், மேலே அச்சிட்ட எண்ணைப் பார்த்து அதேதான் வாங்க வேண்டும்.

மூடி திறந்திருக்கும்போதே கம்ப்ரஸரையும் அளந்துவிடுங்கள். மூன்று பின்களை இரண்டிரண்டாக அளந்தால் மூன்று அளவு வரும். சின்ன இரண்டையும் கூட்டினால் பெரியது வர வேண்டும். ஒன்று 15, இன்னொன்று 25 ஓம் என்றால் மூன்றாவது 40 அளவில் இருக்கும். எந்தப் பின்னுக்கும் கம்ப்ரஸரின் இரும்பு உடலுக்கும் நடுவே தொடர்பே காட்டக் கூடாது. காட்டினால் கம்ப்ரஸர் போய்விட்டது, அதோடு வீட்டு வேலை முடிந்தது. இன்வெர்ட்டர் ஃபிரிட்ஜில் இந்தக் கணக்கு பொருந்தாது. அதில் ரிலேக்குப் பதில் எலக்ட்ரானிக் போர்டு இருக்கும், அதை நான் வீட்டில் தொடச் சொல்ல மாட்டேன்.

ஓயாமல் ஓடுகிறது, மாவு மட்டும் புளிக்கிறது

நம் வீட்டுத் தெர்மாமீட்டர் இட்லி மாவுதான். நாலைந்து நாள் தாங்குகிற மாவு இரண்டாம் நாளே பொங்கினால் உள்ளே குளிர் போதவில்லை. உறுதி செய்ய, ஒரு டம்ளர் தண்ணீரில் தெர்மாமீட்டரைப் போட்டு நடுத்தட்டில் ராத்திரி முழுக்க வையுங்கள். காலையில் 2 முதல் 5 டிகிரிக்குள் காட்டினால் நல்லது.

முதலில் கதவு ரப்பர், அதாவது காஸ்கெட். ஒரு ரூபாய் நோட்டைக் கதவில் பாதி வைத்து மூடி மெல்ல இழுங்கள். பிடித்துப் பிடித்து வர வேண்டும். வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் குளிர் வெளியேறுகிறது. நாலு பக்கமும், முக்கியமாகக் கீல் பக்க மூலைகளிலும் சோதியுங்கள். ராத்திரி அறை விளக்கை அணைத்து, எரிகிற டார்ச்சை உள்ளே வைத்துக் கதவை மூடினால் எங்கே வெளிச்சம் கசிகிறது என்றும் தெரியும்.

கசிந்தால் உடனே புதிது வாங்க வேண்டாம். பாலும் குழம்பும் வழிந்து பிசுபிசுத்த ரப்பரைச் சோப்புத் தண்ணீரில் பல் பிரஷால் மடிப்புக்குள் தேய்த்துக் கழுவுங்கள். நெளிந்த இடத்தில் ஹேர் டிரையரால் சூடு காட்டி, விரலால் வெளியே இழுத்துவிட்டு, கதவை மூடிச் சில மணி நேரம் விடுங்கள். பாதி ரப்பர் இதிலேயே பிழைத்துக்கொள்ளும்.

கிழிந்திருந்தாலோ உள்ளே உள்ள காந்தப் பட்டை உடைந்திருந்தாலோ மாற்றித்தான் ஆக வேண்டும். ஃபிரிட்ஜின் உள்சுவரிலோ பின்னாலோ ஒட்டிய ஸ்டிக்கரில் மாடல் எண் இருக்கும், அதைச் சொல்லி வாங்குங்கள். புது ரப்பர் மடித்த பெட்டியில் நெளிந்துபோய்த்தான் வரும். பத்து நிமிஷம் வெந்நீரில் ஊறவையுங்கள், நிமிர்ந்துவிடும். இப்போதைய மாடல்களில் ரப்பரின் விளிம்பு கதவின் பள்ளத்தில் அழுந்தி நிற்கிறது. ஒரு மூலையில் இழுத்தால் முழுதும் கழன்று வரும். புதியதை நாலு மூலைகளிலும் முதலில் அழுத்திவிட்டு, பிறகு நடுவை நோக்கி வாருங்கள். ஒரு பக்கத்திலிருந்து ஆரம்பித்தால் கடைசி மூலையில் ரப்பர் மிஞ்சிப்போய் நெளியும். பழைய மாடல்களில் ரப்பரைத் தூக்கினால் வரிசையாகத் திருகு தெரியும். எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கழற்றினால் கதவு முறுக்கிக்கொள்ளும். தளர்த்தி, பழையதை உருவி, புதியதைச் செருகி இறுக்குங்கள்.

ரப்பர் நன்றாக இருந்தால் காற்றோட்டம். பின்னால் கறுப்புக் கம்பி வலை இருந்தால் அதில் படிந்த தூசியையும் ஒட்டடையையும் பிரஷால் துடையுங்கள். வலை இல்லாத மாடலில் பக்கச் சுவர்களுக்குள்ளேயே அந்தக் குழாய் ஓடுகிறது, அதனால்தான் பக்கவாட்டு சூடாக இருக்கிறது. அது கோளாறு இல்லை. ஆனால் சுவரோடு ஒட்டி வைத்து, மேலே துணி போட்டு மூடினால் சூடு போக வழியில்லை. அந்தப் பக்கச் சுவரில் கொக்கி மாட்ட என்று ஒருபோதும் திருகோ துளையோ போடாதீர்கள். காஸ் குழாய் ஓட்டையாகிவிடும்.

ஒற்றைக் கதவில் இன்னொன்று உண்டு. குளிர் மேலிருந்து தானாக இறங்கித்தான் கீழே வருகிறது. கம்பித் தட்டுகளில் அழகுக்காகப் பிளாஸ்டிக் விரிப்பும் பேப்பரும் போட்டு முழுக்க மூடினால் அது எங்கே இறங்கும்? விரிப்பை எடுத்துவிட்டு ஒரு நாள் பாருங்கள்.

மேலே ஐஸ்கிரீம் கல்லாக இருக்கிறது, கீழே பால் கெடுகிறது

இது இரட்டைக் கதவுக்கே உரிய கோளாறு. அக்கா வீட்டில் நடந்ததும் இதுதான்.

ஃப்ரீசரின் பின்சுவர் மூடிக்குப் பின்னால் குளிர்க்குழாய், விசிறி, ஹீட்டர் மூன்றும் இருக்கின்றன. விசிறி தள்ளும் குளிர்காற்றில் ஒரு பகுதிதான் கீழ் அறைக்கு வருகிறது. ஃப்ரீசர் கதவைத் திறந்து, கதவு சுவிட்சை விரலால் அழுத்திப் பிடியுங்கள். விசிறி ஓடும் சத்தமும் காற்றும் வர வேண்டும். கம்ப்ரஸர் ஓடும்போதும் வரவில்லையென்றால் விசிறி மோட்டார் போயிருக்கலாம், அல்லது இறக்கை ஐஸில் சிக்கியிருக்கலாம்.

இப்போது ஒரு சோதனை. உள்ளே இருப்பதை எல்லாம் பக்கத்து வீட்டுக்கு மாற்றிவிட்டு, பிளக்கை உருவி, இரண்டு கதவையும் திறந்து, கீழே துணி விரித்து 24 மணி நேரம் விடுங்கள். பிறகு போட்டால் புதிது போலக் குளிர்ந்து, ஒன்றிரண்டு வாரத்தில் மறுபடி கீழே வெக்கையானால், காஸ் நன்றாக இருக்கிறது, ஐஸ் கரையும் ஏற்பாடுதான் செத்துப்போயிருக்கிறது. அக்கா வீட்டில் காஸ் நிரப்பியதாகச் சொன்ன இரண்டு முறையும் ஃபிரிட்ஜ் ஒரு நாள் முழுக்க அணைந்து கிடந்தது. கரைந்த ஐஸ்தான் அந்த இரண்டு வாரத்தைக் கொடுத்தது.

அந்த ஏற்பாட்டில் நாலு பாகங்கள். டைமர், சில மணி நேரத்துக்கு ஒரு முறை கம்ப்ரஸரை நிறுத்தி ஹீட்டருக்கு மின்சாரம் கொடுக்கும். பைமெட்டல் என்ற சுவிட்ச், நல்ல குளிரில் சேர்ந்திருந்து, ஐஸ் கரைந்ததும் பிரியும். ஹீட்டர். அப்புறம் தெர்மல் ஃபியூஸ், பைமெட்டல் பிரியாமல் சூடு எல்லை மீறினால் ஒரேயடியாக அறுந்து ஃபிரிட்ஜைக் காப்பாற்றும்.

டைமரில் சின்னப் பள்ளம் உள்ள ஒரு தண்டு இருக்கும். ஸ்க்ரூ டிரைவரால் வலப்பக்கமாக மெல்லத் திருப்பினால் ஓரிடத்தில் "டக்" என்று விழுந்து கம்ப்ரஸர் நிற்கும். பத்து நிமிஷத்தில் பின்னால் ஐஸ் கரையும் சத்தம் கேட்டால் ஹீட்டர் வேலை செய்கிறது, குற்றவாளி டைமர். எதுவுமே நடக்கவில்லையென்றால் பிளக்கை உருவி, ஐஸை முழுக்கக் கரையவிட்டு, பின்மூடியைக் கழற்றுங்கள். குளிரில் இருக்கும்போதே நெம்பினால் பிளாஸ்டிக் உடையும். அலுமினியத் தகடுகள் பிளேடு போல இருக்கும், கையுறை கட்டாயம்.

ஹீட்டர் சில நூறு ஓம் காட்ட வேண்டும். 150 வாட் ஹீட்டர் என்றால் கிட்டத்தட்ட 350. ஒன்றுமே காட்டவில்லையென்றால் அறுந்துவிட்டது. ஃபியூஸ் தொடர்பு காட்ட வேண்டும். பைமெட்டலை அறைச் சூட்டில் அளந்தால் பெரும்பாலும் தொடர்பு இருக்காது, அது சரிதான். ஓடுகிற வேறொரு ஃப்ரீசரில் ராத்திரி முழுக்க வைத்துவிட்டு எடுத்தவுடன் அளந்தால் சேர்ந்திருக்க வேண்டும்.

அக்கா வீட்டில் ஃபியூஸ் அறுந்திருந்தது. ஃபியூஸ் சும்மா அறுவதில்லை, பைமெட்டல் பிரியாமல் ஒட்டிக்கொண்டதால்தான் பெரும்பாலும் அறும். ஆகவே இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள், பல மாடல்களுக்கு இரண்டும் ஒரே செட்டாகவே கிடைக்கிறது. ஃபியூஸை ஒதுக்கிவிட்டு ஒயரை நேரடியாக முறுக்கிவிடும் வழக்கம் உண்டு. உங்கள் வீட்டில் அதை அனுமதிக்காதீர்கள். அதற்கப்புறம் ஹீட்டரைத் தடுக்க எதுவும் இல்லை, சுற்றிலும் பிளாஸ்டிக், குழாய்க்குள் தீப்பற்றக்கூடிய காஸும் இருக்கலாம். போர்டு வைத்த புது மாடல்களில் டைமருக்குப் பதில் சென்சர் இருக்கும். விளக்கு எத்தனை முறை மினுக்குகிறது என்று எண்ணி, கையேட்டில் பாருங்கள்.

ஒற்றைக் கதவில் ஐஸ் மலை

ஐஸ் விரல் தடிமன் ஆகும் முன் பட்டனை அழுத்திக் கரைத்துவிடுங்கள். வளர்ந்துவிட்டால் அணைத்துவிட்டு, உள்ளே ஒரு பாத்திரம் வெந்நீர் வையுங்கள். கத்தி, கரண்டிக்காம்பு, ஸ்க்ரூ டிரைவர் எதுவும் வேண்டாம். அந்த அலுமினியச் சுவருக்குள்தான் காஸ் ஓடுகிறது. மீன் பொட்டலத்தை நெம்பி எடுக்கப் போய் "ஸ்ஸ்ஸ்" என்று ஒரு நொடியில் ஃபிரிட்ஜையே இழந்த வீடுகளை எனக்குத் தெரியும். அடிக்கடி ஐஸ் மலை வளர்ந்தால் ஈரக்காற்று உள்ளே போகிறது, ரப்பரைத்தான் பார்க்க வேண்டும்.

உள்ளே குளம், கீழே ஈரம்

உள்ளே காய்கறிப் பெட்டிக்கு அடியில் தண்ணீர் தேங்கினால் வடிகால் துளை அடைத்திருக்கிறது. பின்சுவரின் கீழே, நடுவில், ஒரு சின்னத் துளை. பெரும்பாலும் கொத்தமல்லித் தழையோ கறிவேப்பிலையோதான் சிக்கியிருக்கும். ஊசி இல்லாத சிரிஞ்சில் வெதுவெதுப்பான நீரை நிரப்பி, அழுத்திச் செலுத்துங்கள். கம்பி விட்டுக் குத்தாதீர்கள்.

தரையில் ஈரம் என்றால் பின்னால் கம்ப்ரஸருக்கு மேலே உள்ள தட்டு உடைந்தோ நகர்ந்தோ இருக்கும். வடியும் நீர் அதில் விழுந்து கம்ப்ரஸர் சூட்டில் ஆவியாக வேண்டும். அதை வாரம் ஒரு முறை கொட்டிக் கழுவுங்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு அந்தத் தட்டிலேயே முட்டையிடும். சுகாதாரப் பணியாளர்கள் வீட்டுக்கு வந்தால் ஃபிரிட்ஜின் பின்னால் எட்டிப் பார்ப்பது அதற்காகத்தான். உள்ளே எல்லாம் கழுவியும் போகாத துர்நாற்றமும் பெரும்பாலும் இந்தத் தட்டிலிருந்துதான்.

சின்னச் சின்னவை

கடகட சத்தம் என்றால் கால்களைத் திருகிச் சமப்படுத்துங்கள், முன்பக்கம் சற்றே உயரமாக இருந்தால் கதவு தானாக மூடும். கதவை மூடியதும் விளக்கு அணைகிறதா என்று பார்க்க சுவிட்சை விரலால் அழுத்துங்கள். அணையவில்லையென்றால் சுவிட்சை மாற்றுங்கள், எரிகிற குண்டு பல்பு உள்ளே சூடேற்றும். பின்சுவரை ஒட்டிய வெண்டைக்காய் உறைந்துபோனால் குமிழைக் குறைத்துப் பாருங்கள். குறைத்தும் கம்ப்ரஸர் நிற்கவே இல்லையென்றால் தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டது, அல்லது அதன் குழாய் இடம் விலகியிருக்கிறது. கொளகொளவென்று தண்ணீர் ஓடும் சத்தம் காஸ் ஓடும் சத்தம், விட்டுவிடுங்கள்.

உண்மையிலேயே காஸ் போயிருந்தால்

கம்ப்ரஸர் ஓயாமல் ஓடும், பின்வலையிலோ பக்கவாட்டிலோ சூடே இருக்காது. ஃப்ரீசரில் குழாய் தொடங்கும் ஒரு மூலையில் மட்டும் பனி பிடித்து, மீதி வெறுமையாக இருக்கும். எங்காவது எண்ணெய்க் கறை தெரியும். இவை சேர்ந்து வந்தால் காஸ் கசிந்திருக்கிறது, இதை நீங்கள் செய்யக் கூடாது. பின்னால் உள்ள ஸ்டிக்கரில் ஆர்-600ஏ என்று இருந்தால் உள்ளே இருப்பது ஐசோபியூட்டேன், சமையல் காஸின் உறவுக்காரன், ஒரு பொறி போதும். கசிந்ததாகச் சந்தேகம் வந்தால் சுவிட்ச் எதையும் தொடாமல் ஜன்னலைத் திறந்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

வருபவரிடம் முதலில் கேட்க வேண்டியது "எவ்வளவு ஆகும்" என்பதை விட, "ஓட்டை எங்கே" என்பதுதான். நைட்ரஜன் ஏற்றி, சோப்பு நுரை வைத்து ஓட்டையைக் காட்டச் சொல்லுங்கள். அடைத்த பிறகு ஃபில்டரைப் புதிதாகப் போட்டு, வேக்யூம் பம்பால் உள்ளிருக்கும் காற்றையும் ஈரத்தையும் இழுத்துவிட்டுத்தான் காஸ் ஏற்ற வேண்டும். ஸ்டிக்கரில் எத்தனை கிராம் என்று அச்சிட்டிருக்கும். அதே வகை காஸை, அதே கிராமுக்கு, உங்கள் கண்முன் தராசில் வைத்து ஏற்றச் சொல்லுங்கள்.